இரண்டு உயில்கள், ஒரு நிபந்தனை

முப்பது ஆண்டுகளுக்கு மேல் நான் எழுத்தராக இருந்த வழக்கறிஞர் அலுவலகத்துக்குச் சென்ற மாதம் போயிருந்தேன். உயில் எழுதுவதற்கென்றே புதிய மென்பொருள் ஒன்றை வாங்கியிருந்தார்கள். கணவனைப் பற்றிய விவரங்களை நிரப்பி முடித்ததும் திரையின் அடியில் ஒரு சிறு கட்டம் தோன்றுகிறது. மனைவியின் உயிலையும் இவ்வாறே அமைக்கலாமா என்று அது கேட்கிறது. தொட்டால் போதும்; பெயர்கள் இடம் மாறி, இரண்டாவது உயில் நொடியில் ஆயத்தமாகிவிடுகிறது.

இப்போது அலுவலகத்தை நடத்தும் இளம் வழக்கறிஞர் பெருமையோடு என்னைப் பார்த்தார். “உங்க காலத்துல ஒரு ஜோடிக்கு எத்தனை நாள் சார் ஆகும்?”

“பதினைந்து நாள்.”

“பதினஞ்சு நாளா! அத்தனை நாள் என்ன சார் செய்வீங்க?”

அன்று நான் ஒழுங்காக விடை சொல்லவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. விடையை எழுத்தில் வைப்பதென்று தீர்மானித்து இதை எழுதுகிறேன். எழுதினால் என் பிழையையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

நான் சட்டம் படித்தவன் அல்லன். தமிழிலக்கியத்தில் பட்டம் பெற்றவன். தந்தைக்கு ரயில்வே வேலை என்பதால் மெட்டுகுடா குடியிருப்பில் வளர்ந்தேன். தமிழ் கற்பிக்க ஒரு பள்ளியும் இடம் தராததால் செகந்தராபாத்தில் ஒரு வழக்கறிஞரிடம் எழுத்தனாகச் சேர்ந்தேன். முதல் ஆறேழு ஆண்டுகள் பத்திரங்களை நகலெடுப்பதிலும் பதிவு அலுவலக வரிசையில் நிற்பதிலும் கழிந்தன. அவற்றைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

அந்த வழக்கறிஞர் பத்மாவதி அம்மையார். அவருடைய முன்னோர் பிரிட்டிஷ் படை முகாமோடு இந்த ஊருக்கு வந்தவர்கள். வீட்டில் தமிழ், நீதிமன்றத்தில் ஆங்கிலம், ஆட்டோக்காரரிடம் உருது, பால்காரரிடம் தெலுங்கு. நான்கும் கலந்தது எங்களிடம். நான் எழுதிய முதல் உயிலைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஹவ், அழகாத்தான் இருக்கு. ஆனா நக்கோ, வேணாம். இதைப் புரிஞ்சுக்க அந்த மனுஷன் உன்கூட எம்.ஏ. படிச்சிருக்கணும். திரும்ப எழுது, புலவரே.”

அன்று முதல் நான் அந்த அலுவலகத்தில் புலவர். நாற்பதைக் கடந்த பின்பும், என் மகளின் திருமணத்தில் சம்பந்திகளுக்கு எதிரிலும், அதே பெயர்தான்.

மனைவியும் மக்களும் உள்ளவர்கள் உயில் எழுத வந்தால் அம்மையாருக்குச் சில நடைமுறைகள் உண்டு. முதல் நாள் இருவரும் சேர்ந்து வரலாம். அன்று சொத்துப் பட்டியல் மட்டும். வீட்டுப் பத்திரம், வைப்புநிதி, காப்பீடு ஆகியவற்றில் யார் பெயர் நாமினியாக இருக்கிறது என்று பார்ப்போம். நாமினி போட்டாகிவிட்டதே, உயில் எதற்கு என்று பலர் கேட்பார்கள். பணத்தை வாங்கி வைக்க ஒருவரைக் காட்டியிருக்கிறீர்கள், அது யாருக்குச் சேர வேண்டும் என்று இன்னும் சொல்லவில்லை என்பார் அம்மையார். அதன்பின் கணவனுக்கு ஒரு நாள், மனைவிக்கு வேறொரு நாள். ஒருவர் பேசும்போது மற்றவர் அந்தக் கட்டடத்திலேயே இருக்கக் கூடாது. கீழே இரானி ஓட்டலில் இருக்கலாம். உயில் எந்த மொழியில் என்பதற்கும் அவரிடம் ஒரு விதி இருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் எந்த மொழியில் சண்டை போடுவார்களோ அந்த மொழியில் எழுத வேண்டும். தமிழில் எழுதினால் பதிவு அலுவலகத்துக்கு மொழிபெயர்ப்பும் இணைக்க வேண்டியிருக்கும். அந்த வேலை கூடினாலும் அவர் விதியைத் தளர்த்தியதில்லை.

கடைசி நாள் வாசிப்பு. எழுதிக்கொடுப்பவர் தம் உயிலைத் தாமே உரக்க வாசிக்க வேண்டும். நாங்கள் விளக்கக் கூடாது. எடுத்துக் கொடுக்கக் கூடாது. குரல் எங்கே தடுமாறுகிறதோ அந்த வரியின் ஓரத்தில் நான் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். வாசித்து முடித்ததும் அந்தப் புள்ளிகளைப் பற்றி மட்டும் அம்மையார் கேட்பார். எழுத்துத் தெரியாதவராக இருந்தால் நான் வாசிக்க, ஒவ்வொரு பத்தியையும் அவர் தம் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். இவ்வளவும் முடிந்த பின்னரே இரண்டு சாட்சிகளை அழைப்போம். சாட்சிகள் குடும்பத்தினராக இருக்கக் கூடாது. பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து.

என்னை மாற்றிய வழக்கு சங்கரனும் உமாவும். இருவரின் பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

சங்கரனுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. திருநெல்வேலிக்காரர், பாதுகாப்புத் துறை நிறுவனம் ஒன்றில் பொறியாளர். உமா தார்நாகாவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் தொழில்நுட்ப அலுவலர். பிறந்து வளர்ந்தது என்னைப் போலவே மெட்டுகுடாவில். ஒன்பது வயதில் நித்யா, ஐந்து வயதில் ஹரி. தார்நாகாவில் இருவர் பெயரிலும் ஓர் அடுக்குமாடி வீடு. சங்கரனுக்கு இதயக் குழாய்களில் மூன்று அடைப்பு. பதினைந்து நாளில் நெஞ்சைத் திறந்து அறுவை செய்வதாக நாள் குறித்திருந்தார்கள்.

முதல் நாள் சங்கரனே எல்லாம் பேசினார். “நா இல்லாமப் போனா எல்லாம் அவளுக்கு. அவளும் இல்லன்னா பிள்ளையளுக்கு. பிள்ளையள வளக்க ஊர்ல எங்க அண்ணாச்சி இருக்காவ. அவளுக்கும் இதேதான் மேடம். பேர மட்டும் மாத்திப் போட்டாப் போதும்.”

உமா பக்கத்தில் மருத்துவமனைக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த வாரம் அம்மையாருக்கு உயர் நீதிமன்றத்தில் ஒரு நீண்ட வழக்கு. இருவரையும் தனித்தனியே கேட்கும் வேலையை என்னிடம் விட்டிருந்தார். சங்கரன் வந்து சொன்னார்; எழுதிக்கொண்டேன். உமாவுக்கு ஆய்வுக்கூடத்தில் விடுப்புக் கிடைக்கவில்லை. இரண்டு முறை நாள் குறித்தோம். இரண்டு முறையும் தள்ளிப்போயிற்று. மூன்றாம் முறை தொலைபேசியில், “சார், எனக்கு ஹாஸ்பிடலுக்கும் ஆபீசுக்கும் ஓடறதே சரியா இருக்கு. அவர் சொன்னதை வச்சே எழுதிடுங்க. வந்து படிச்சுப் பார்த்துக்கறேன்,” என்றார். நானும் எழுதிவிட்டேன். இன்றைக்கு அந்தக் கட்டம் ஒரு நொடியில் செய்வதை அன்று நான் ஒரு பிற்பகல் முழுதும் உட்கார்ந்து செய்தேன். வேறுபாடு அவ்வளவுதான்.

வாசிப்பு நாள் ஒரு சனிக்கிழமை. திங்கட்கிழமை சங்கரன் மருத்துவமனையில் சேர வேண்டும். பிள்ளைகளையும் அழைத்து வந்திருந்தார்கள். சங்கரன் பிள்ளைகளோடு கீழே இரானி ஓட்டலுக்குப் போனார். மாடியில் அம்மையார், உமா, நான்.

உமா நன்றாக வாசித்தார். பள்ளியில் இரண்டாம் மொழியாகத் தமிழ் படித்தவர். வீடு, வைப்புநிதி, நகை எல்லாம் தங்குதடையின்றி வந்தன. ஐந்தாம் பத்தி: “எனக்கும் என் கணவருக்கும் பின்னர் என் மக்கள் இருவருக்கும் காப்பாளராக என் கணவரின் தமையனார்...”

குரல் நின்றது. பத்தியின் தொடக்கத்துக்குப் போய் மறுபடி வாசித்தார். மறுபடி அதே சொல்லில் நின்றது. நான் புள்ளி வைத்தேன்.

“மேடம், இது நான் சொல்லலையே.”

“பின்ன யார் சொன்னா?”

“யாரும் சொல்லலை. எழுதியிருக்கு.”

அம்மையார் என் பக்கம் திரும்பினார். “புலவரே, இந்தம்மாவைத் தனியா எப்பப் பாத்தே?”

பதறும்போது எனக்குப் பேச்சுத் தமிழ் மறந்துவிடும். “பார்க்கவில்லை மேடம்.”

“பார்க்கவில்லை. அப்போ இது யாரோட உயில்? உன்னோடதா?”

அவர் உமாவிடம் கேட்டார். “சரிம்மா. நீ சொல்லு. யாரை எழுதணும்?”

உமா தாமதிக்கவேயில்லை. “என் தங்கச்சி கீதா. வீடு மெட்டுகுடாலதான். சனத்நகர்ல ஒரு ஒர்க்ஷாப்ல இன்ஸ்பெக்ஷன்ல இருக்கா. ஹரிக்குக் காய்ச்சல் வந்தா என்னைக்கூடத் தேட மாட்டான், ‘கீத்து எக்கட?’ன்னுதான் கேப்பான். நித்யாவோட டீச்சர் பேரெல்லாம் அவளுக்குத்தான் தெரியும்.”

“வீட்டுக்காரர்கிட்டச் சொன்னியா?”

“எப்படிச் சொல்றது? அவரே ஆபரேஷனுக்குப் போறார். ‘நீங்க இல்லைன்னா, நானும் இல்லைன்னா’ன்னு எப்படி மேடம் ஆரம்பிப்பேன்?”

“நீ ஆரம்பிக்க வேணாம். நான் ஆரம்பிக்கறேன். புலவரே, கீழ போய் அவரைக் கூட்டிட்டு வா.”

சங்கரன் ஏறி வந்ததும் அம்மையார் அவரை எதிரில் உட்காரவைத்து, ஒரு தாளில் இரண்டு கோடுகள் இழுத்தார். காப்பாளர் விஷயத்தில் சட்டம் விசித்திரமானது. தந்தை சாவில் முந்திக்கொண்டால் பின்னர் தாய் எழுதி வைத்ததே நிற்கும். தாய் முந்திக்கொண்டால் தந்தை எழுதி வைத்ததே நிற்கும். வழக்கு என்று வந்துவிட்டால் நீதிமன்றம் பிள்ளைகளின் நலனைப் பார்க்கும். ஆனால் வழக்குக்கு முன்பே பிள்ளைகள் யாராவது ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டுமே?

“நீங்க ஒரு பேரு, இவங்க ஒரு பேரு எழுதினா, உங்க ரெண்டு பேர்ல யார் முதல்ல போறாங்கங்கறதை வச்சு உங்க பிள்ளைங்க திருநெல்வேலிக்குப் போகும், இல்லை மெட்டுகுடாவுக்குப் போகும். சீட்டுக் குலுக்கறாப்பல. அது பரவால்லையா?”

சங்கரன் மனைவியைப் பார்த்தார். “கீதாவா? உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? கல்யாணம் ஆகாத பிள்ள. நாளைக்கு ஒரு வீட்டுக்குப் போகப்போறவ. அண்ணாச்சி மலை மாதிரி இருக்காவ.”

“அண்ணாச்சிகிட்டக் கேட்டீங்களா?”

“என்னத்தக் கேக்க?”

“பிள்ளைங்களை வச்சுக்குவீங்களான்னு.”

“அதக் கேக்கணுமாக்கும்! கேட்டாலே கோவப்பட்டுருவாவ. ‘எங்கிட்டயே கேக்கியால’ம்பாவ.”

பிள்ளைகள் தந்தைக்குப் பின் பெரியப்பாவிடம் போவதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதாகவே அந்த வீட்டில் எவரும் நினைத்ததில்லை, கேட்பது சந்தேகப்படுவதாகும். இந்த ஒரு மரியாதையாலேயே கேட்கப்படாமல் போன காப்பாளர்கள் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். அம்மையாருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

“கோவப்படட்டும். போனைப் போடுங்க. எல்லாருக்கும் கேக்கட்டும்,” என்றார்.

அண்ணாச்சி முதலில் அறுவையைப் பற்றி விசாரித்தார். சங்கரன் மென்று விழுங்கிச் செய்தியைச் சொன்னதும் அவர் குரல் உயர்ந்தது. “ஏல, இத என்னட்டக் கேக்கணுமால? எம் பிள்ளை வேற ஒம் பிள்ளை வேறயா? அங்கன யாருல ஒனக்கு இப்படி எடுத்துக் கொடுக்கது?”

“வக்கீலம்மா கேக்கச் சொன்னாவ.”

“நல்ல வக்கீலம்மா! நித்யா இருக்காளா? அவட்டக் கொடு. ஏட்டி நித்யா, பெரியப்பா வீட்டுக்கு வந்து இருந்துக்கிடுதியா?”

ஓட்டலிலிருந்து தந்தையோடு ஏறி வந்திருந்த நித்யா, உஸ்மானியா பிஸ்கட்டை மென்றுகொண்டே தெலுங்கில் பதில் சொன்னாள். “பெரியப்பா, அக்கட நா ஸ்கூல் லேது கதா?”

“என்னல சொல்லுதா?”

“அங்க அவ பள்ளிக்கூடம் இல்லியேங்கா.”

“தமிழ்ல சொல்லச் சொல்லு.”

“நாம சொல்லுதது அவளுக்குப் புரியும் அண்ணாச்சி. பதிலு தெலுங்குலதான் வரும்.”

பிறகு அண்ணாச்சியின் குரல் தணிந்து வந்தது. “சோத்துக்கும் துணிக்கும் ஒரு குறை வைக்க மாட்டேன் சங்கரா. அது ஒனக்கே தெரியும். ஆனா அது உக்காந்து அழுதா ஏன் அழுதுன்னு எனக்குத் தெரியணும்லா? ஆள விட்டா கேட்டுச் சொல்ல முடியும்? வீடு, பணம், அதெல்லாம் நா பாத்துக்கிடுதேன், சல்லிக்காசு சிந்தாது. பிள்ளைய... நீங்க ரெண்டு பேரும் யோசிச்சுச் செய்ங்க.”

பிள்ளைகளைப் பேணுவது ஒருவர் கையிலும் சொத்தைப் பேணுவது இன்னொருவர் கையிலும் இருப்பது நல்லது என்பது அம்மையார் எப்போதும் சொல்வது. ஒருவரையொருவர் கேள்வி கேட்க வழியிருக்கும். அண்ணாச்சி அதைத் தாமாகவே சொல்லிவிட்டார்.

காரியம் முடிந்ததென்று நினைத்தேன். சங்கரன் முடியவிடவில்லை. அவர் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு பேசியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

“கீதாவே இருக்கட்டும். ஆனா கல்யாணம் ஆகுத வரைக்கும்தான். வாரவன் எப்படிப்பட்டவனோ, எம் பிள்ளையள அவன் வாசல்ல நிறுத்த மாட்டேன். அவளுக்குக் கல்யாணம் ஆயிட்டா அண்ணாச்சிட்டப் போயிரணும். இத எழுதினாத்தான் கையெழுத்து.”

உமா அவரை நேராகப் பார்த்தார். “இது நியாயமில்லை.”

“எனக்குத் திங்கக்கிழமை நெஞ்சத் தொறக்கப்போறான் உமா.”

உமா ஐந்தாம் பத்தி இருந்த தாளை என் பக்கம் தள்ளினார். பிறகு என்னிடம், “எழுதுங்க சார். ரெண்டுலயும் ஒரே மாதிரி எழுதுங்க. அவளுக்கு மாப்பிள்ளைன்னு ஒருத்தன் வரட்டும், அன்னிக்கே இவரை இங்க இழுத்துட்டு வந்து மாத்தறேன்,” என்றார்.

உயிலை உயிரோடிருக்கும்வரை எத்தனை முறையும் மாற்றலாம். அந்தச் சட்டத்தை நம்பித்தான் அவர் இணங்கினார்.

அந்த நிபந்தனையை நான் எழுதினேன். உள்ளதைச் சொல்கிறேன்: என் பணிக்காலத்தில் நான் கட்டிய வாக்கியங்களில் அதைப் போலச் செம்மையானது வேறில்லை. “காப்பாளராக அமையும் செல்வி கீதா, தாம் மணவாழ்வை மேற்கொள்ளும் நாள்வரை அப்பொறுப்பைத் தாங்கி, அந்நாளில் அதனின்று விடுபடுவாராக.” அம்மையார்கூட அன்று ‘நக்கோ’ சொல்லவில்லை. பிள்ளைகளைப் பிரித்தெடுப்பதை ஒரு பெரும் பாரத்தை இறக்கிவைப்பது போல எழுதியிருந்தேன். அது எனக்கு அன்று நயமாகவே பட்டது.

காப்பாளராக எழுதப்படுபவருக்கு அந்தப் பத்தியை நேரில் வாசித்துக்காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். அன்று மாலையே கீதா வேலைத்தலத்திலிருந்து நேராக வந்தார். மேல்சட்டைப் பையில் அளவுகோலும் பேனாவும், கையில் மதிய உணவு டப்பாவும். முப்பத்தொரு வயது. நான் வாசித்தேன். கேட்டுக்கொண்டிருந்தவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

“இது ரெண்டு பேர் உயில்லயும் இருக்கா சார்?”

“ஆம்.”

கையெழுத்திட்டுவிட்டு, கீழே இருந்த பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

“என்ன சொன்னா?” என்று அம்மையார் கேட்டார்.

“ஒன்றும் சொல்லவில்லை. கையெழுத்திட்டார்.”

“ஒண்ணும் சொல்லலைன்னா நீ ஏன் அனுப்பினே?”

நான் எழுந்து கீழே ஓடவில்லை. திரும்ப அழைக்க அம்மையாரும் சொல்லவில்லை. ஒரு நாள்தான் இடையில் இருந்தது. சாட்சிகளான பல் மருத்துவரும் தையற்கடைக்காரரும் படியேறி வந்துகொண்டிருந்தார்கள். அன்று அந்த அறையில் நிபந்தனையால் கட்டுண்டவர் கீதா ஒருவரே. எங்களில் எவரும் அவரை ஒரு கேள்வி கேட்கவில்லை.

சங்கரன் பிழைத்தார். ஆறே மாதத்தில் வேலைக்குத் திரும்பினார். அவரும் உமாவும் உயிலை மாற்ற வரவில்லை. வர வேண்டிய காரணம் எதையும் கீதா அவர்களிடம் சொல்லவில்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து ஒரு மழைக்காலத்தில் உமா இறந்துபோனார். காய்ச்சல், எட்டே நாள். நெஞ்சைத் திறந்து தைத்தவர் இருக்க, ஒரு நாளும் படுக்காதவர் போனார்.

அம்மையார் கோடுகள் இழுத்த தாள் என் நினைவுக்கு வந்தது. தாய் முந்திவிட்டார். இனி நிற்பது சங்கரனின் உயில் ஒன்றுதான். அதில் அவர் எதை மாற்றினாலும் தடுப்பார் இல்லை. உமா அன்று அடம்பிடித்து வாங்கியது அனைத்தும் இப்போது கணவரின் ஒரு கையெழுத்தில் இருந்தது.

மூன்று மாதம் கழித்துச் சங்கரன் வந்தார். முன்பே சொல்லாமல், ஒரு வேலைநாள் காலையில். முழங்கால் வலியால் நீதிமன்றம் போவதைக் குறைத்துவிட்ட அம்மையார் அப்போது அறையில் இருந்தார்.

“உயில மாத்தணும் மேடம். அந்த அஞ்சாம் பத்தி.”

நான் பேனாவை மூடிக் கீழே வைத்தேன். எழுத மாட்டேன் என்று சொல்லும் உரிமை ஓர் எழுத்தனுக்கு இல்லை. இருந்தும் அன்று சொல்வதென்று எனக்குள் முடிவு செய்திருந்தேன்.

“என்ன மாத்தணும்?” என்றார் அம்மையார்.

“கீதாவ ஒருத்தர் கேட்டு வந்தாரு. அவ ஒர்க்ஷாப்லதான் ஸ்டோர்ஸ்ல இருக்காரு. உமா இருக்கும்போதே ரெண்டு வருஷமா அவருக்கு இவ மேல ஒரு இது. எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. இப்ப நேரா வீட்டுக்கு வந்து எங்கிட்டக் கேக்காரு. தங்கமான ஆளு. நா கீதாட்ட, ‘சரின்னு சொல்லிரவா?’ன்னு கேட்டேன். ‘நக்கோ அத்தான்’னுட்டா.”

“ஏனாம்?”

“நானும் அதான் கேட்டேன். ‘உங்க உயில்ல எழுதியிருக்கே அத்தான். நான் கல்யாணம் பண்ணினா பிள்ளைங்க என்கிட்டருந்து போயிடுமே’ங்கா. ‘நா செத்தாத்தானட்டி, நா குத்துக்கல்லு மாதிரி இருக்கேம்லா’ன்னேன். ‘அக்காவும் அப்படித்தான் இருந்தா’ன்னா.” அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “நாலு வருஷம் மேடம். அந்த ஒரு வரிய மனப்பாடமாச் சொல்லுதா. எழுதினவன் எனக்கே மறந்துபோச்சு.”

எழுதினவன் நான். அவர் அதை என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை, ஆனால் குத்தியது.

“அண்ணாச்சி என்ன சொல்றார்?” என்று அம்மையார் கேட்டார்.

“சொன்னேன். ‘அதயுமால எழுதி வச்ச, மடையா? எனக்காகன்னு நெனச்சியோ? போயி அழிச்சுட்டு வா’ன்னாவ.”

நான் மூடிவைத்த பேனாவைத் திறந்தேன்.

அன்று இரண்டு வரைவு எழுதினேன். இரண்டாவது எனக்கு நிறைவாக இருந்தது: “செல்வி கீதா மணம் புரிந்துகொண்டாலும் காப்பாளர் பொறுப்பில் தொடர்வார்.” மறுநாள் அதை எடுத்துக்கொண்டு சனத்நகருக்குப் பேருந்து ஏறினேன். இந்த முறை ஒப்புதல் வாங்க அவரை வரவழைக்கக் கூடாது, நான் போக வேண்டும் என்று தோன்றியது. மதிய உணவு நேரம். பட்டறை வாயிலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் போட்டிருந்த பெஞ்சில் அவர் வந்து உட்கார்ந்தார். வாசித்துக் காட்டினேன். வாசித்து முடித்து, தாளை மடக்காமல் காத்திருந்தேன். அவர் சோற்றைப் பிசைந்தார். நான் பேசவில்லை. சங்கு ஊதும்வரை உட்கார்ந்திருப்பதென்று வந்திருந்தேன்.

“பிடிக்கலை சார்,” என்றார் கடைசியில்.

“எது?”

“மணம் புரிந்தாலும்னு எழுதியிருக்கீங்களே. பிள்ளைங்களுக்குக் காப்பாளர்னு வேற யாரையாவது எழுதியிருந்தா, அவங்க கல்யாணத்தைப் பத்தி எழுதியிருப்பீங்களா? அன்னிக்கு அண்ணாச்சி பேர் எழுதினீங்களே. அவருக்கு எழுதினீங்களா?”

“இல்லை.”

“எனக்கும் வேண்டாம். பண்ணினாலும், பண்ணாட்டாலும், ரெண்டும் வேண்டாம். அந்தப் பேச்சே அதுல இருக்கக் கூடாது. இருந்தா நாளைக்கு ஹரி பெரியவனாகி அதைப் படிப்பான். சித்தி நமக்காக எதையோ விட்டாளோன்னு நினைப்பான்.” டப்பாவை மூடினார். “நான் ஒண்ணும் விடப்போறதில்லை சார். அவர்கிட்ட நேத்தே சரின்னு சொல்லிட்டேன்.”

அவர் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருக்கக் கூடியவற்றைத்தான் சொன்னார். அவரைப் பேசவைக்க எனக்குத் தேவைப்பட்டது ஒரு மதிய உணவு நேரம்.

பதினைந்து நாள் என்ன செய்வீர்கள் என்று கேட்ட இளம் வழக்கறிஞருக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். எழுதுவதற்கு ஒரு நாள் போதும். எங்களுக்கும் போதுமாகத்தான் இருந்தது. மற்ற நாட்கள் கேட்பதற்கு. மனைவியைக் கேட்க, கணவனைக் கேட்க, இருவரும் எவர் தலையில் பிள்ளைகளை வைக்கிறார்களோ அவரைக் கேட்க, கேட்டபின் அவர் வாய் திறக்கும்வரை காத்திருக்க. அந்தக் கட்டத்தைத் தொடாதீர்கள். தொடத்தான் வேண்டுமென்றால், அப்படி வந்த உயிலை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் வாயை மூடிக்கொண்டிருங்கள். இதில் நான் ஒரு படியும் இறங்கி வர மாட்டேன்.

அடுத்த சனிக்கிழமை சங்கரன் வாசிக்க வந்தார். இந்த முறை கீழே அனுப்ப எவரும் இல்லை. வீடு பிள்ளைகளுக்கு என்ற பத்தியில் உமாவின் பெயரைக் காணாமல் அவர் சற்று நின்றார். அம்மையார் அதைப் பற்றிக் கேட்கவில்லை. சொத்துப் பொறுப்பு அண்ணாச்சிக்கு என்பதை உரக்க வாசித்தார். ஐந்தாம் பத்திக்கு வந்தார். முன்பு ஏழு வரிகள் ஓடிய இடம் அது.

“என் மக்களின் காப்பாளர் கீதா.”

அடுத்த வரியைத் தேடினார். தாளைத் திருப்பிப் பார்த்தார்.

“அவ்வளவுதானா மேடம்?”

“அவ்வளவுதான்,” என்றார் அம்மையார். “புலவரே, சாட்சிகளைக் கூப்பிடு.”